கீழ்நோக்கி முதல் பாதி

கோத்தகிரியில் எங்கள் மைதானம் சாய்ந்தது.
ஒரு கோல் கம்பத்துக்கும் மறு கோல் கம்பத்துக்கும்
ஆறடி இறக்கம்.
டாஸ் ஜெயித்தவன் முதலில் மேடேறி ஆடுவான்,
கால் ஓய்ந்த பிறகு சரிவு பார்த்துக்கொள்ளும் என்று.
காத்தமுத்து மட்டும் தலைகீழ்.
கீழ்நோக்கி முதல் பாதி, மூன்று கோல்.
மிச்ச நேரம் பந்தைத் தேயிலைக்குள் உதைப்பான்.
பனியில் தேடி எடுக்கக் கால் மணி நேரம்.
கடிகாரம் நிற்காது.

ஒன்பது வயதில் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவன்.
ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடும்ப அட்டை.
பள்ளியில் அவன் பெயர் சிலோன்.
பந்து கேட்கும்போதும் அப்படித்தான்:
சிலோன், இங்கே!

எண்பத்தைந்தில் சென்னைக்குப் போனான், லீக் ஆட.
டீக்கடை விலாசத்துக்கு ஒரே ஒரு கடிதம்:
"இங்கே தரை சமம்.
நான் கொடுக்கும் பாஸ் எல்லாம்
போய்ச் சேருமுன் நின்றுவிடுகிறது.
பழக ஒரு மாசம் ஆகும்."
பழகிவிட்டான்.
துறைமுகத்தில் வேலையோடு அணியில் இடம் என்று
பேச்சு நடந்தது.

பொங்கலுக்கு ஊர் வந்தான். எஸ்டேட் கோப்பை.
பரிசு முந்நூறு ரூபாய், ஒரு கிடா.
நான் எதிரணியில் ஸ்டாப்பர்.
அவன் மேட்டிலிருந்து இறங்கி வந்தான்.
பந்து எனக்கு எட்டாது என்று தெரிந்தது.
தெரிந்த பிறகும் காலை நீட்டினேன்.

சத்தம் கேட்டவர்கள்
கிளை முறிந்தது என்றார்கள்.
மைதானத்தைச் சுற்றி மரமே கிடையாது.

கிடா எங்களுக்குக் கிடைத்தது.
நானும் சாப்பிட்டேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

குன்னூர் ஆஸ்பத்திரியில் ஏழு வாரம்.
பிறகு கொழுந்து எடை போடும் வேலை, இருபது வருஷம்.
தராசு முள் நிற்பதற்குள் எடையைச் சொல்லிவிடுவான்,
பந்து விழும் இடத்தை முன்பு சொன்ன மாதிரி.

நாற்பத்தைந்தில் கோச் லைசென்ஸ் பரீட்சை.
கேள்வி இங்கிலீஷில்.
பதிலைப் படமாகவே வரைந்தானாம்:
வட்டம், பெருக்கல் குறி, அம்பு,
ஓரத்தில் கை மறந்துபோய்
அன்றைய கொழுந்துக் கணக்கு.
பாஸ்.

இப்போது அவனிடம் பதினான்கு பெண்பிள்ளைகள்,
லயன் வீடுகளிலிருந்தும் எங்கள் ஹட்டியிலிருந்தும்.
ஈரோடு, திண்டுக்கல், எங்கே ஆட்டமென்றாலும்
என் வேன்தான்.
டீசல் காசு மட்டும்.
ஒன்பது வருஷமாக முன்சீட்டில்
கியர் கம்பியை ஒட்டி அவன் வலது முழங்கால்.
மேட்டுப்பாளையம் இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும்
இடிக்காமல் கியர் மாற்றுகிறேன்.
பேசுவோம். பிரேக் ஷூ, கேரட் விலை,
யார் வீட்டுக் கல்யாணம்.

போன ஐப்பசியில் ஒரு மாலை, டாக்கிள் பாடம்.
சட்டென்று என் பக்கம் திரும்பினான்.
"போஜா, வா.
அன்னைக்கு வந்த மாதிரியே வா."

பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது.
செருப்பைக் கழற்றினேன். வயது ஐம்பத்தாறு.
அவன் மேட்டிலிருந்து வந்தான், நொண்டியபடி.
பந்து நொண்டவில்லை.
நான் நின்றுவிட்டேன்.

"நீட்டுடா!" என்று கத்தினான்,
"இவங்க பாக்கணும்ல!"

நீட்டினேன்.
ஒரு விரற்கடை, அவ்வளவுதான் பந்தைத் தள்ளினான்.
சேற்றில் உட்கார்ந்தபடியே
கார்னர் கொடி வரைக்கும் சறுக்கிப் போனேன்.
கோல்கீப்பர் சுகிர்தா விசிலடித்தாள்.

"பாத்தீங்களா? இவன் கண்ணு என் கால்ல இருந்துச்சு.
பந்துல இல்ல. தப்பு அங்கதான்."
அடுத்தது த்ரோ-இன் என்று நடந்துவிட்டான்.

இரவு டீசல் காசு கொடுத்தான்.
எண்ணினேன், நூறு ரூபாய் கூட இருந்தது.
"பேண்ட் துவைக்க" என்றான்.
ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தேன்.
வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு
வலது காலைத் தூக்கி
வேனிலிருந்து இறக்கி வைத்தான்.