மூன்றாம் அடியாள்

பாபுராவ் தெரு லாட்ஜில் எனக்கு ராத்திரி டூட்டி.
பன்னிரண்டாம் நம்பர் அறைக்காரர்
அப்திரஷீத்துக்குத் தூக்கம் வருவதில்லை.
தங்கைக்குக் காலையில் ஆபரேஷன்.
கூட இருக்க ஓர் ஆளுக்குத்தான் பாஸ்,
அதை அவர் அம்மா வைத்திருக்கிறாள்.

கவுன்ட்டர் மேல் செல்போனைச் சாய்த்துவைத்துப்
படம் பார்க்கிறார்.
எட்டிப் பார்த்தேன்.
தெரிந்த அகழி. தெரிந்த மதில்.
வேலூர்க் கோட்டைக்குப் பின்னால், கத்திரி வெயிலில்
நாற்பது பேர் அட்டை அரிவாளோடு
காலையிலிருந்து நின்ற இடம்.

"ஹிந்தி படம்" என்றார்.
"இல்ல சார், தமிழு."
தலையாட்டினார். ரெண்டும் இல்லையாம், சோமாலியாம்.

ஒற்றைக் குரல்தான் பேசிக்கொண்டிருந்தது
ஹீரோவுக்கும் வில்லனுக்கும்
கழுத்தை நீட்ட மறுக்கும் கல்யாணப் பெண்ணுக்கும்.
விடியவிடியக் கூத்தைத் தாங்குகிற
கட்டியக்காரன் மாதிரி
மூச்சு வாங்காமல் ஒருத்தன்.

காட்பாடியில் இந்தப் படம் நாலே நாள்.
ஐந்தாம் நாள் போஸ்டர் மேல்
ஆடித் தள்ளுபடி ஒட்டிவிட்டார்கள்.
கிஸ்மாயோவில் இவருடைய அக்கா மகன்
இதைப் போட்டால்தான் சோறு தின்பானாம்.

"நானும் கீறேன் இதுல."
கையால் நெஞ்சைத் தொட்டுத் திரையைத் தொட்டேன்.
மேலும் கீழும் பார்த்தார்.
கொஞ்சம் தள்ளுங்க, இன்னும், இன்னும்,
இதோ.

நீலச் சட்டை. ஒட்டு மீசை.
மார்பில் ஹீரோவின் கால்.
இருநூற்றைம்பது ரூபாய்க்கும்
ஒரு பொட்டலம் பிரியாணிக்கும்
ஏழு தடவை விழுந்தேன்.
ஏழாவதில் நிஜமாகவே தோள் இறங்கிவிட்டது.
அப்போது வந்த "அம்மா"வைத்தான்
நல்லா இருக்கு என்று வைத்துக்கொண்டார்கள்.
சினிமாவில் நான் பேசிய மொத்த வசனம் அது.

இப்போது அதுவும் போச்சு.
வாய் என்னுடையது.
வந்தது வேறு சொல்:
"ஹோயோ!"

அப்படின்னா இன்னா சார்?
படத்தை நிறுத்தினார்.
இங்கிலீஷில் தேடினார், கிடைக்காமல்
ஆஸ்பத்திரிப் பக்கம் கை நீட்டினார்.
சிஸ்டரா என்றேன்.
இல்லையென்று
கழுத்தில் பாஸ் தொங்குவதுபோல்
விரலால் ஒரு கோடு இழுத்தார்.

திரையில் தரைக்கு ஒரு சாண் மேலே
நான் அப்படியே நின்றிருந்தேன்,
வாயைத் திறந்தபடி.

மூன்றரைக்கு டீ சைக்கிள் வந்தது.
என்னைக் காசெடுக்க விடவில்லை.
டீக்காரன் குப்பனிடம் "ஆக்டர், ஆக்டர்" என்று
என் இறங்கின தோளிலேயே தட்டினார்.