மூன்றாவது வளைவு

உசிலம்பட்டி தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை.
கணவாய் ஏற்றத்தில், மூன்றாவது வளைவில்,
இரண்டு இழுவை. அப்புறம் பேச்சு மூச்சு இல்லை.
பின்னால் எட்டு பேஸ் பாக்ஸ், ஜெனரேட்டர், சீரியல் பல்பு மூட்டை.
மேலே ஆண்டிபட்டிப் பக்கம் ஏதோ ஓர் ஊர்
மைக்செட்டுக்காகப் பொங்கல் வைக்காமல் காத்திருக்கும்.

ஒச்சம்மாள் இறங்குவாள்.
முன்சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம்.
சூடம் எரிந்து அணையும்வரை நிற்பாள்.
வெற்றிலை மென்று துப்பிவிட்டுச் சாவியைத் திருப்பினால்
எடுத்துவிடும்.
ஆறு மாதமாக இப்படி.
"கருப்பு கேக்குது, குடுக்கிறேன். ஒனக்கென்ன?" என்றாள்
என் செக்கானூரணிப் பட்டறையில், டயர் மேல் உட்கார்ந்து.

எனக்கு முன்னால் நாலு பேர் கை வைத்திருந்தார்கள்.
ஒருத்தன் நாசில் மாற்றினான்.
ஒருத்தன் பம்பைக் கழற்றி மதுரைக்கு அனுப்பி
காலிபரேஷன் சீட்டோடு திரும்ப மாட்டினான்.
ஃபில்டர் மட்டும் மூன்று.
"இன்னும் பெரிய பம்பா போடு, இழுக்கட்டும்."
இழுக்கட்டும்தான். எதை?

ஹேண்ட் பிரைமரை அமுக்கினேன், கல்லாக நின்றது.
ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன், நுரை இல்லை.
ஃபீட் பம்புக்கு முன்னால் கண்ணாடி டியூப் செருகி
அரை மணி நேரம் குந்தியிருந்து பார்த்தேன்,
ஒரு குமிழி வரவில்லை.
பட்டறை நிழலில் எல்லா வண்டியும் யோக்கியன்.

"நிக்கிறப்ப சத்தம் எப்படி?" என்றேன்.
கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி.
கண்ணை மூடிக்கொண்டாள்.
"ஆம்ப்ளிஃபயர் சூடாகி அறுந்துபோற சத்தம் இல்ல.
கரகரப்பு இல்ல.
யாரோ வால்யூம மெல்ல மெல்லக் கொறைக்கிற மாதிரி."

மறுநாள் டேங்க் குழாயைப் பிடுங்கி அடைத்தேன்.
அஞ்சு லிட்டர் கேனை என் முழங்காலுக்கிடையில் இடுக்கி
அதிலிருந்து நேராக எஞ்சினுக்கு ஒரு டியூப்.
பாரம் குறையாமல் ஏற்றச் சொன்னேன்.
அவள் ஓட்டினாள்.
டீசல் என் வேட்டியில் தளும்ப,
முதல் வளைவு, இரண்டாவது,
மூன்றாவதில் அவள் கை தானாகப் பழத்துக்குப் போனது.
வண்டி நிற்கவில்லை.
குரங்குகள் பார்த்தன.
உச்சியில் அவளே நிறுத்தி
"என்னடா இது" என்றாள், கோபமாக.

டேங்க்கை இறக்கிக் கவிழ்த்தோம்.
கறுப்புப் பாசி, துரு, ஒரு வாஷர்,
உள்ளங்கை அகல நீலத் தார்ப்பாய்.
மூடி தொலைந்த ஒரு திருவிழா ராத்திரியில்
ஸ்பீக்கர் மூடுவதிலிருந்து கிழித்து
அவளே அடைத்தது.

சமதளத்தில் அது அடியில் படுத்திருக்கும்.
ஏற்றத்தில் எஞ்சின் தாகமெடுத்து உறிஞ்ச
எழுந்து போய்க் குழாய் வாயில் ஒட்டும்.
வண்டி நின்றதும், உறிஞ்சல் விட்டு,
மெதுவாகக் கீழே இறங்கும்.
இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?
ஒரு சூடம். ஒரு வெற்றிலை.
பழத்தின்மேல் எந்தக் குற்றமும் சொல்ல முடியவில்லை.

பம்பைத் தொடவில்லை.
எட்டு மில்லி குழாயை எடுத்துப் பத்து போட்டேன்.
டேங்க் பக்கம் சேஸிஸில் ஒரு எலெக்ட்ரிக் பம்பு,
தண்ணீர் பிரிக்க, உள்ளே தெரிகிற கிண்ணம் வைத்த ஃபில்டர்,
பூட்டோடு ஒரு மூடி.
சாவி திருப்பியதும் பம்பு டிக் டிக்கென்றது.
காது கொடுத்துக் கேட்டு, "தாளம் சரியா இருக்கு" என்றாள்.
பில்லில் முந்நூறு குறைத்துக் கொடுத்தாள்.
நானும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது,
பின்னால் காற்று இரைச்சல்.
"நிக்காமயே வந்துட்டேன்.
பழத்த ஜன்னல் வழியா எறிஞ்சேன்.
சரியான எடத்துல விழுந்துச்சான்னுதான் தெரியல."