கடையாலுமூட்டில் மூன்று குண்டு

பாழ்பட்ட ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் நிற்கிறேன்.
கையில் மூன்று குண்டு. டார்ச்சில் ஒரு கோடு சார்ஜ்.
நடைக்கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து
முகம் தேய்ந்துபோன ஒன்று
சுவரைத் தடவித் தடவி வருகிறது.

அதற்குக் கண் இல்லை. காது உண்டு.
ஓடினால் கேட்கும்.
கதவை அடைத்தால் கேட்கும்.
பைய நடந்தால் மட்டும்
அதன் தோளை உரசிக்கொண்டே கடந்து போகலாம்.
இதைத் தெரிந்துகொள்ள
பதினான்கு தடவை செத்தேன்.

பிளஸ் டூவில் அரசாங்கம் தந்த லேப்டாப் இது.
கீல் முறிந்த திரையைத் தாங்குவது
நாலாய் மடித்த ஒரு துண்டு ரப்பர் ஷீட்.
அப்ரின் உறங்கிய பிறகு ஒரு மணி நேரம்தான் எனக்கு.
இரண்டரைக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
முந்நூறு மரத்துக்குப் போகவேண்டும்.

ஆரம்பத்தில் கண்டதையெல்லாம் சுட்டேன்.
முதல் மாடியிலேயே குண்டு தீர்ந்து
இரும்புக் குழாயோடு மேலே வந்தேன்.
குழு லோனும் அப்படித்தான் தீர்ந்தது,
கூரைக்குத் தகரம், பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு,
ஒரே வாரத்தில்.

போன மாதம் நூற்றுப்பத்தாவது மரத்தடியில்
காட்டுப்பன்றி.
விளக்கை அணைத்தேன்.
மரத்தோடு மரமாய் ஒட்டி
மூச்சைப் பிடித்தேன், விரல் தானாக
இல்லாத ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.
அது சிரட்டையை முகர்ந்தது.
பால் பிடிக்கவில்லை. தும்மிவிட்டுப் போயிற்று.
பக்கத்துத் தோட்டத்து ஷெர்லி கூப்பாடு போட்டு ஓடியவள்.
அவள் தொடையில் பதினேழு தையல்.

இன்று செவ்வாய். விடாத மழை.
வெட்டு இல்லை, அதனால் பகலிலேயே விளையாட்டு.
மூன்று மணிக்கு பைக் சத்தம், எனக்குத் தெரிந்த சத்தம்.
நாலு வாரத் தவணை பாக்கி.
செருப்பை உள்ளே எடுத்தேன். விளக்கை அணைத்தேன்.
மேசைக்கு அடியில் லேப்டாப்போடு குந்தினேன்.

வாசல் சரளையில் அவன் கால்.
நடைக்கூடத்தில் அதன் கால்.
எது முதலில் வந்து நிற்கும் என்று தெரியவில்லை.
திரையை மூடினால் கீல் கிரீச்சிடும்.
இந்த விளையாட்டை நிறுத்திவைக்கவும் வழியில்லை.

அப்போது அது பல்லைக் கடித்தது,
முழு ஒலியில்,
வீடு முழுக்க.

வெளியே ஒன்றும் கேட்கவில்லை.
மழைக்கோட்டிலிருந்து நீர் சொட்டுவது மட்டும்.
பிறகு ஜன்னலோரம் ஒரு குரல், தாழ்ந்து:

"அக்கா, ரெண்டாம் மாடியா?"

நான் வீட்டில் இல்லை.
இல்லாதவள் எப்படி வாய் திறப்பாள்.

"வெடி வைக்காண்டாம், கேட்டியளா.
வலது பக்கத்து வார்டுல துணி அலமாரி உண்டு.
உள்ள ஏறி நில்லுங்க.
கதவத் தடவிப் பாத்துட்டு அது போவும்.
அங்கின கழிஞ்சா ஜெனரேட்டர் ரூம்.
அதுக்குத்தான் குண்டு வேணும்."

ஜெகின் தாஸ் என்று ரசீதில் கையெழுத்துப் போடுகிறவன்.
ஒருநாளும் அவன் முகத்தை நேரே பார்த்ததில்லை நான்.

"வியாழக்கிழமை வருவேன்.
அன்னைக்கு எங்கூட மேனேஜரும் உண்டு.
அவருக்கு நல்லாக் காது கேக்கும்."

பைக் இரண்டு உதைக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதில் போனான்.

அலமாரிக்குள் ஏறி நின்றேன்.
பலகை இடுக்கில் அதன் விரல்கள், ஒவ்வொன்றாய்.
ஐந்தையும் எண்ணினேன்.
போய்விட்டது.

மேசைக்கு அடியிலிருந்து எழுந்து
செருப்பைத் திரும்ப வாசலில் போட்டேன்.
அடுக்களை மூலையில் ஒட்டுப்பால் சாக்கு,
நாற்றம் முன்னால் வரும், எடை பின்னால்.
தூக்கிப் பார்த்தேன்.
பதினோரு கிலோ இருக்கலாம், ஈரத்தோடு.

ஜெனரேட்டர் அறைக்கு அது காணாது.