முக்கால் மணி நேரம்

சம்மதப் படிவம் மூன்று வாரம் கழித்து வந்தது,
போனில் எடுத்த படமாக.
ஸ்டியரிங்மேல் வைத்து எழுதியிருக்க வேண்டும்:
தகப்பன் பெயரின் கடைசி எழுத்து
காகிதத்தை விட்டே இறங்கிப் போயிருந்தது.

க்ளைபேடாவில் அன்று பேய்க்காற்று.
துறைமுகக் கிரேன்களை நிறுத்தியிருந்தார்கள்.
வீதேனிஸ், வயது பதின்மூன்று,
மூன்றாவது நாற்காலியில்
தன் ஈர ஜாக்கெட்டை உட்கார வைத்தான்.
பெற்றோருக்கென்று நான் போட்டது.
எடுக்கச் சொல்லவில்லை.

அம்மா பெர்கனில், மீன் ஆலையில்.
அவளைப் பற்றி இன்னும் பேச்சு வரவில்லை.
அக்கா மில்டாதான் கொண்டுவந்து விடுவாள்,
முழங்கையில் பேக்கரி மாவு காய்ந்திருக்க.
உள்ளே வராமல் கேட்பாள்:
"நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா?"
இருபது வயது.
இந்தக் கேள்விக்கு
எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

எனக்கு நானே சொல்லிக்கொள்வது:
வராதவரைக் குறை சொல்லாதே.
அவர் இடத்தில் ஏறி உட்காராதே.
இரண்டாவதுதான் கஷ்டம்.
நவம்பரில் கையுறை இல்லாமல் வந்தான் ஒருநாள்.
என்னுடையதைப் பாதி கழற்றிவிட்டு
நிறுத்திக்கொண்டேன்.
சரிதானா, இன்றுவரை தெரியாது.

ஏழாம் வாரம்
வாயே திறக்காமல் கணக்குப் போட்டான்.
"நாலரை மணி நேரம் ஓட்டினால்
லாரியை முக்கால் மணி நேரம்
நிறுத்தியே ஆகணும். சட்டம்.
ஏமாற்றினால் மெஷின் காட்டிக்கொடுக்கும்.
ஆறுக்குக் கிளம்பினால் பத்தரை.
ஜெர்மனியில் பத்தரை, இங்கே பதினொன்றரை."
பென்சில் முனை ஒடிந்தது.
"நமக்கும் முக்கால் மணி நேரம்தானே?"

வரச் சொல்லிக் கேட்கவில்லை அவன்.
நிற்கிறபோது கூப்பிட்டால் போதுமாம்.

இன்னொரு பிள்ளையின் நேரத்தை நகர்த்தி
வியாழக்கிழமை பதினொன்றரையைக் காலி செய்தேன்.
நான்கு தடவை மணி அடித்தது.
ஹனோவருக்கு வெளியே ஏதோ ஒரு பார்க்கிங்கிலிருந்து
முதலில் இருமல்.
அப்புறம் "ம்" என்றார்,
என்னிடமா, அவனிடமா.
நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள்
நாக்கிலேயே கிடந்தன.
மெல்லும் சத்தம் மட்டும்.
கறுக், கறுக்.

வீதேனிஸ் போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனான்.
"வெள்ளரி ஊறுகாய்," என்றான்.
"பெரிய பாட்டில். அடியில் இருக்கிற துண்டு."
அந்தப் பக்கம் மெல்லுவது நின்றது.
"எப்படிடா தெரியும்?"

ஜாக்கெட்டைத் தரையில் தள்ளிவிட்டு
போனை மூன்றாவது நாற்காலியில் வைத்தான்.
இன்னும் முப்பத்தெட்டு நிமிடம் இருந்தது.