துண்டு போட்ட சீட்டு

பூட்டு, சாவி என்று படம் வரைந்தார் டாக்டர் ஹெப்சிபா.
எனக்குப் பிடிபடவில்லை.
பன்னிரண்டு வருஷமாக வேலூர் - குடியாத்தம் வண்டியில் கண்டக்டர்,
சீட்டுக் கணக்கில் சொல்லுங்க மேடம் என்றேன்.

டயர் கடைக்கு மேல் மாடி.
கீழே காற்றடிக்கும் மோட்டார் நிற்கும்வரை யோசித்தார்.

"மண்டைக்குள் ஒரு சீட்டு, தனகோட்டி.
இடுப்புக்கென்று வாங்கின மாத்திரை
மூணு வருஷமா அதில் உட்கார்ந்திருக்கு.
நாக்குக்கு அடியில் வைக்கிற இது
அதே சீட்டில் ஏறி உட்காரும்.
பாதி எடை. சத்தம் போடாது. லேசில் எழுந்திருக்காது.
விழுங்குற அது ஆளே இல்லை, துண்டு.
தானும் உட்காராது, யாரையும் உட்கார விடாது."

துண்டே போடுங்க என்றேன்.
அதில்தான் கௌரவம் இருப்பதுபோல் பட்டது.

"போடலாம். சீட்டு முதலில் காலியாகணும்.
எட்டு நாள், பத்து நாள்."

மூன்றாம் நாள் வரை போய்ப் பார்த்தவன் நான்.
கொட்டாவிமேல் கொட்டாவி.
சித்திரை வெயிலில் உரித்த கோழிபோல் கை.
லத்தேரியில் வண்டியை நிறுத்தச் சொல்லி
இரண்டு தடவை புதருக்கு ஓடினேன்,
ஜன்னல் முழுக்கத் தலைகள்.

மூன்றாவதாக ஒன்று உண்டாம்.
தினமும் போய் வரிசையில் நின்று குடிக்கிற மருந்து.
எனக்கு முதல் டிரிப் நாலே முக்காலுக்கு.
அந்தப் பேச்சு அதோடு சரி.

டிரைவர் சிகாமணி துண்டு போட்டவன்.
பத்து நாள் படுத்துக் கிடந்து, காலி செய்து, போட்டான்.
நாலு மாதம் ஹாரன்கூட அளவாக அடித்தான்.
அக்கா மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நிறுத்திவிட்டு
பழைய கணக்கிலேயே விழுங்கியிருக்கிறான்.
காலியாய்க் கிடந்த சீட்டு
அந்த எடையைத் தாங்கவில்லை.
துண்டின்மேல் குற்றமில்லை என்கிறார் டாக்டர்.
இருக்கலாம்.
அவன் சீட்டில் இப்போது ஆம்பூர்ப் பையன் ஒருவன்.

ஓனர் சிரிக்கிறார்:
"இன்னா தனகோட்டி,
நூறு ரூபா நோட்டை ரெண்டு அம்பதா மாத்திக்கினு வந்துட்டியா?"
இருக்கட்டும்.
ராத்திரி பையைக் கொட்டினால்
இப்போதெல்லாம் கணக்கு நிற்கிறது.

ஏழு நாளைக்கு எண்ணித் தந்தது, இன்று ஐந்தாவது.
கிரீன் சர்க்கிள் திரும்பியதும் நாக்குக்கு அடியில்.
கரையும்வரை பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது.
பாலாற்றுப் பாலம்.
கீழே மணல், மாடு, மணல்.
வாய் நிறையக் கசப்பு.
மீதி பதினாலு ரூபா எங்கே என்று கத்துகிறாள் ஒரு அம்மா.
ஒரு விரலைத் தூக்கிக் காட்டுகிறேன்.
விருதம்பட்டு வரட்டும்.