இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம்

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மலையாள போர்டும் தமிழ்ப் பேச்சுமாய்
ஒற்றை ஷட்டர் கடை.
விமானத்தில் ஏறாத நான்தான்
ஏறுகிறவர்களுக்கு நேரம் சொல்கிறவள்.

ஷார்ஜா, கோயமுத்தூர் என்று தட்டினால்
திரையில் ஒரு கோடு விழும்.
இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
நாலு மணி நேரம்.
கடல் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.
வேலந்தாவளம் செக்போஸ்ட் மட்டும்
அந்தக் கோட்டில் வராது.

செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா அக்கா வந்தாள்,
செருப்பை வெளியே விட்டு,
பேங்குக்கு வருகிறவள்போல.
"எத்தனை தூரமுங் கண்ணு?"
சொன்னேன்.
"இன்னும் கொஞ்சம் தூரமா வர்ற மாதிரி
ஏதாச்சும் இருக்குதா?"

குறைக்கச் சொல்லித்தான்
இதுவரை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

அப்புறம் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாள்.
தோட்டத்தில் அவருக்குத் தெரியாமல் போர் போட்டது.
அறுநூறு அடியில் ஈரம் என்றார்கள்.
எண்ணூறில் பாறைப்பொடி.
தொள்ளாயிரத்து நாற்பதில்
வண்டிக்காரன் டீ குடிக்கப் போய்விட்டான்.
கீழே ஒரு கிலோமீட்டர்கூட ஆகவில்லை,
அதற்குள் ஆறரைப் பவுன் சங்கிலி
சர்ச் ரோட்டுப் பணயக் கடைக்குப் போய்விட்டது.
தம்பி பணம் தருவது வெள்ளிக்கிழமை காலை.
கடை திறப்பது ஒன்பதரை.
நேர் விமானம் இறங்குவதோ
அதே வெள்ளி, விடியற்காலை நாலேகால்.
"வாசல்ல நின்னதும் முதல்ல
கழுத்தைத்தானுங் பார்ப்பாரு."

அன்று இரவே பிரகாசம் அண்ணன் போன் செய்தார்.
"நேர் ஃபிளைட்ல சீட் இல்லைங்ணா."
பதினொரு சீட் பச்சையாக இருந்தது.
"எதுவானாலும் சரி" என்றார்,
ஊருக்கு வருகிறவருக்கு இல்லாத நிதானத்தோடு.
மும்பை வழியாகப் போட்டேன்.
நடுவில் ஆறே முக்கால் மணி நேரம்.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க
மும்பையின் ஓர் இரும்பு நாற்காலி
என் முதுகில் அழுத்திக்கொண்டிருந்தது.
பதினொன்றுக்கு அக்கா கடை வாசலில் நின்று
கழுத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு
உள்ளே வராமலே போனாள்.

சனிக்கிழமை அண்ணன் வந்தார்.
திட்டு வாங்க எழுந்து நின்றேன்.
மேசையில் ஒரு நகவெட்டியை வைத்தார்.
"மும்பையில நல்லாத் தூங்கினேன் கண்ணு.
இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தாலும்
வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன்."
வெளியே பொள்ளாச்சி பஸ் உறுமிக் கிளம்பும்வரை
பேசாமல் இருந்தார்.
"கம்பெனி மூடியாச்சு. விசா ரத்து.
அவகிட்டச் சொல்லலை.
திரும்பிப் போற மாதிரி ஒரு டிக்கெட் பேப்பர் வேணும்,
தேதி தள்ளி."

"எவ்வளவு தள்ளிங்ணா?"

திரும்பும் நாள் என்ற கட்டத்தைத் தொட்டேன்.
மாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன.
அவர் திரையைப் பார்க்கவில்லை.
ரோட்டுக்கு அந்தப் பக்கம், வாழைக்கு நடுவே,
அவர் வீட்டு ஓடு தெரிகிறது.
மூடாத போர்க்குழாய்மேல்
யாரோ ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.

"அவ சங்கிலிக் கொக்கியில
நம்பர்ச் சீட்டுக் கட்டின நூலு
இன்னும் தொங்குது" என்றார்.
"நான் கேட்கலை."

இங்கிருந்து அந்த வீட்டுக்கு
நடந்தால் ஏழு நிமிடம்.