நூறில் ஆறு

காலை ஏழு இருபதுக்கு
மரிசெலுக்கு முன்னால் குளிசையை விழுங்கி
வாயைத் திறந்து காட்டினேன்.
நாக்கை உயர்த்தச் சொன்னாள், உயர்த்தினேன்.
ஒன்பது வருடத்தில்
நான் மருந்து குடிப்பதை இன்னொருத்தி பார்ப்பது
இதுதான் முதல் தடவை.

வின்னிபெக். தை மாதம். கழித்தல் முப்பத்தொன்று.
தரிப்பிடத்துக் கார்கள் எல்லாம்
எஞ்சின் உறையாதிருக்க மின்வயரில் கட்டப்பட்டு
மாடுகளாய் நிற்கின்றன.

ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு என்று
மணிக்கணக்கில் கையிலிருந்து இரத்தம்.
அதே நேரத்துக்கு அங்கிருந்து ஒரு பஞ்சுக்குச்சி.
இரண்டுக்கும் ஒரே ஸ்டிக்கர்: பதினேழாம் இலக்கம்.

'அங்கிருந்து' என்றது நான் இல்லை,
மேசையிலிருந்த தொலைபேசி.
அதற்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர்.
எந்த ஊரில் இருக்கிறாரோ,
டாக்டர் ஃப்ரீசன் அந்தச் சொல்லைச் சொன்னதும்
தொண்டையைச் செருமி
"அந்த இடம்" என்பார்.
திருப்பிச் சொன்னால் "கீழ்ப்பகுதி".
மூன்றாம் முறை
"பெண்கள் சம்பந்தப்பட்ட, உங்களுக்கு விளங்கும்".

விளங்கியது.
உயர்தர வகுப்பில் தமிழ் எடுத்தவள் நான்.
பழம்பாட்டில் அல்குல் வந்த இடத்தில்
டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி
"இடை என்று எழுதுங்கோ" என்றா.
இருபத்தெட்டுப் பேரும் எழுதினோம்.
முழுப்புள்ளி கிடைத்தது.

நோய் மட்டும் சொல் தேடி நிற்கவில்லை.
நேரே வந்தது.
எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு
ஒரு பதில் மடித்து வைத்திருக்கிறேன்;
அதை இங்கே விரிக்கப்போவதில்லை.

ஆறு வருடமாய் இரத்த அறிக்கை
வைரஸ் தெரியவில்லை என்கிறது.
உன்னிடமிருந்து ஒருவருக்கும் தொற்றாது என்கிறார்கள்.
நம்பினேன், கழுத்துக்கு மேலே.
கீழே, துவாயைத் தனியாய் அவித்துத் தோய்த்தேன்.
நகுலேஸ் பக்கத்தில் படுத்த இரவுகளில்
விடிய எழும்பி விரிப்பை மாற்றினேன்.
இரத்தம் கையெழுத்துப் போட்டால்
மற்ற இடமும் ஒத்துக்கொண்டதாய் அர்த்தமா?

அதைக் கேட்கத்தான் இந்த ஆய்வுக்கு வந்தேன்.
இருநூறு டொலருக்கும்தான்.

இரவு பதினொன்றரைக் குச்சிக்கு மரிசெல் வந்தபோது
பனி அள்ளும் வண்டி ஒன்று
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போனது.
நகுலேஸ் ஓட்டுவதும் அப்படியொன்றுதான்,
ஆனால் நகரத்தின் மற்றக் கரையில்.
அவள் கை குளிர்ந்திருந்தது, "சொறி" என்றாள்.

சித்திரையில் ஆறு உடைந்து
பனிப்பாளங்கள் பாலத்தில் முட்டிய கிழமை
முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள்.
ஒரு குளிசைக்குள் இரண்டு மருந்து.
லாமிவுடின் தனியாள்,
சுவரைக் கடந்து போய்
இரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாய் அங்கே குவிகிறது.
டொலுடெகிரவிர் அப்படியில்லை;
இரத்தத்துப் புரதத்தைக் கட்டிப்பிடித்தபடி
அங்கேயே தங்கிவிடுகிறது.
நூறு இருந்தால் ஆறுதான் போய்ச் சேர்கிறது.

நூறில் ஆறு.
எங்கள் வீட்டில் அந்தப் புள்ளிக்கு அடி விழும்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார்.
ஆறு போதும், என்றார்.
பிடி விட்டு வந்ததுதான் வேலை செய்யும்,
வந்தது தேவைக்கு மேலேயே இருக்கிறது.
தொலைபேசி சொன்னது:
"அந்த இடத்திலை மருந்து போதுமாம்."

"அண்ணை," என்றேன்,
"யோனி என்று சொல்லுங்கோ.
எனக்கு இந்த வசனம் முழுசாய் வேணும்."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.
பிறகு, தண்ணி இல்லாமல் குளிசை விழுங்குகிற மாதிரி,
சொன்னார்.
சொன்ன பிறகு குரல் கொஞ்சம் இளகியிருந்தது,
அல்லது எனக்கு அப்படிக் கேட்டது.

வெளியே நகுலேஸ் காரோடு நின்றான்.
உருகிய சேறு சில்லில் அப்பியிருந்தது.
"என்னவாம்?"
"மருந்து போய்ச் சேருதாம்."
"எங்கை?"

இவ்வளவு சண்டை பிடித்து வாங்கிய சொல்
வாய்க்குள்ளேயே இருந்தது.
"அங்கைதான்" என்றேன்.

அவன் சிக்னலைப் போட்டான்.
வீதி முழுக்கக் காலியாய்க் கிடந்தும்
கொஞ்ச நேரம் திரும்பவில்லை.